முதுகு காட்டி நின்றவர்கள்

ஓவியக் கல்லூரி கேன்டீனில் அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒருநாள் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வகுப்பில் மாடலாக உட்கார முடியுமா என்று கேட்டார். உடம்பில் துணியில்லாமல். அவளுக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது.

"உடம்பு தெரியாம மனுஷன வரைய முடியாதும்மா. வெளியாள் ஒருத்தர்கூட உள்ள வர மாட்டாங்க. அதுக்கு நான் பொறுப்பு."

டீச்சர் கண்ணைப் பார்த்துப் பேசியது அவளுக்குப் பிடித்திருந்தது. நன்றாக யோசித்துவிட்டுச் சரி என்றாள்.

தெரிந்தவர்கள் கேட்டால் நம்பவே மாட்டார்கள். அவளும் அக்காவும் ஒரே அறையில் இருந்தார்கள். அக்கா எதிரில்கூட விளக்கை அணைத்துவிட்டுத்தான் துணி மாற்றுவாள். "நான் என்னடி உன்ன முழுங்கிடவா போறேன்?" என்பாள் அக்கா. காலையும் மாலையும் கும்பிடாமல் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படவிடாதவள் அந்த அக்கா. அவளிடம் புது வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

வகுப்பில் முக்காடு போட்ட பெண் ஒருத்தி இருந்தாள். முதல் நாள் இவளுடைய பாதத்தை மட்டும் வரைந்துவிட்டு எழுந்து போனாள். இரண்டாவது வாரம் டீ குடிக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. உங்களுக்குக் கூச்சமா இல்லையா?"

"இல்லாம? துணி மாத்துற தட்டிக்குப் பின்னாடியிருந்து மேடைக்கு வர்ற வரைக்கும் உயிர் போயிடும். உக்காந்துட்டா சரியாயிடும். உனக்கு அந்த முக்காடு வேர்க்கலையா?"

"வேர்க்கும். ஆனா இது இல்லாம வெளிய வந்தா எனக்கும் உயிர் போயிடும். யாரும் சொல்லிக் கட்டலக்கா. நானேதான்."

"அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்றாள் இவள். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பில் டீ புரையேறியது.

அன்று டீச்சர் சாக்பீஸ் எடுக்க வெளியே போன நேரத்தில்தான் அது நடந்தது. கதவைத் திறந்துகொண்டு ஏணியோடு இரண்டு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். பக்கத்து அறை ஃபேனைப் பார்க்க வந்தவர்கள், அறை மாறிவிட்டது.

அவள் நைட்டி தட்டிக்குப் பின்னால் கிடந்தது. முழங்காலைக் கட்டிக்கொண்டு உடம்பைக் குறுக்கிக்கொண்டாள். அதுவரை வகுப்பே பார்த்துக்கொண்டிருந்த அதே உடம்புதான். ஆனால் அந்த ஒரு கணத்தில்தான் அம்மணமாக இருப்பதாக அவளுக்குப் பட்டது.

முதல் வரிசைப் பையன் வரைபலகையைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னால் பாய்ந்தான். அவன் பின்னால் வகுப்பே எழுந்தது. பலகைகளை நெஞ்சுக்கு நேரே பிடித்து, தோளோடு தோள் ஒட்டி, அவளுக்கு முதுகு காட்டிச் சுவர் மாதிரி நின்றார்கள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முக்காட்டுப் பெண் ஓடிப்போய் நைட்டியை எடுத்து வந்து, தன் கண்ணை மூடிக்கொண்டே அவளுக்கு மாட்டிவிட்டாள்.

வந்தவர்களில் மூத்தவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கூட வந்தவன் தலையையும் பிடித்துத் திருப்பினார். "மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடுங்க பிள்ளைங்களா" என்று சொல்லிக்கொண்டே ஏணியைப் பின்பக்கமாகவே இழுத்துப் போனார்.

கதவு சாத்தியதும் பிள்ளைகள் திரும்பினார்கள். அப்போதுதான் அவள் பலகைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும், கரிக்கோட்டில், துணியில்லாமல் அவளேதான்.

"அடப்பாவிகளா, என்னை மறைக்க என்னையே தூக்கிப் பிடிச்சிருக்கீங்களே!"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. டீச்சர் திரும்பி வந்தபோது அவள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தாள். விஷயம் தெரிந்து டீச்சருக்கு முகம் செத்துவிட்டது. வகுப்பை முடித்துவிடலாமா என்று கேட்டார். "வேண்டாம் டீச்சர், படம் பாதியில நிக்குது" என்று மறுபடி மேடை ஏறினாள். அன்று மட்டும் தட்டியிலிருந்து மேடைக்கு நடந்து வரும்போது கூச்சமே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அக்காவின் முகம் முதலில் கறுத்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாருமா முதுகு காட்டி நின்னாங்க?"

"எல்லாரும்க்கா."

"பசங்களும்?"

"பசங்கதான் முதல்ல."

அக்கா கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

"நாளைக்கு அந்தப் பிள்ளைங்களுக்கு ஏதாவது செஞ்சு எடுத்துட்டுப் போ. மொத்தம் எத்தனை பேருன்னு சரியாச் சொல்லுடி, ஒருத்தருக்குப் பத்தாமப் போனா நல்லாயிருக்காது."