பதினோரு மாதமா, இருபது மாதமா?

"எலியைப் பாத்தா நாற்காலி மேல ஏறுறவ நீ. அங்க ரெண்டாவது வாரமே ஆஸ்பத்திரி வார்டுல விட்டுருவாங்களாம். தாங்குவியா ரோண்டா?"

"எலிக்கா நான் நர்ஸா போறேன்?"

இது நேற்று எங்கள் விஸ்கான்சின் வீட்டுச் சமையலறையில் நானும் என் கணவர் டுவெய்னும் போட்ட சண்டை. எனக்கு நாற்பத்தாறு வயது. வரலாற்றுப் பட்டத்தோடு நூலகத்தில் இருந்தேன். அந்த வேலை போய்விட்டது. ஏற்கனவே பட்டம் வாங்கியவர்களுக்கான துரித நர்ஸிங் படிப்புக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. மில்வாக்கியில் பதினோரு மாதம், மூச்சுவிட நேரமிருக்காது. பக்கத்து ஊரில் இருபது மாதம், கொஞ்சம் நிதானமாகப் போகும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"இருபது மாசத்துலயே சேரு. ரத்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும். வருஷா வருஷம் மான் வேட்டையாடி அறுக்கிறவன் நான்" என்று சொல்லிக்கொண்டே தொத்திறைச்சியை நறுக்கியவர், கட்டைவிரலையும் சேர்த்து நறுக்கிவிட்டார். விரலை ஒரு பார்வை பார்த்தார். அப்படியே தரையில் சாய்ந்துவிட்டார்.

நான் கத்தவில்லை. துணியால் விரலை அழுத்திப் பிடித்தேன். அவர் காலைத் தூக்கி உருளைக்கிழங்கு மூட்டைமேல் வைத்தேன். கண் திறந்தார்.

"ரத்தம் நின்னுருச்சா?"

"நின்னுருச்சு, வேட்டைக்காரரே."

"அப்ப மில்வாக்கிக்கே போ. இருபது மாசம் நான் சமைச்சா விரல் ஒண்ணும் மிஞ்சாது."

ரத்தத்தைப் பற்றிய பயம் போய்விட்டது. அந்த வேகத்துக்கு என் மூளை ஈடுகொடுக்குமா என்பதுதான் இப்போது கவலை. நாற்பதுக்கு மேல் இந்தப் படிப்பை முடித்தவர்கள் யாராவது இருந்தால், வெள்ளிக்கிழமைக்குள் எனக்குப் பதில் எழுதுங்களேன்.