பிள்ளை மேல் போட்ட பழி

டாக்டர் அவளுடைய வலது கட்டைவிரலை மடக்கச் சொல்லி, மணிக்கட்டைக் கீழே சாய்த்தார். அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"தசைநார் வீங்கியிருக்கு. போன் ரொம்ப பார்ப்பீங்களோ?"

பக்கத்தில் நாத்தனார், இவளுடைய பத்து மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வீட்டிலேயே துணி தைக்கிறவள். "அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையேன்" என்று நாலு மாதமாகத் தொண்டைத்தண்ணி வற்றச் சொன்னவள். அவள் எதிரில் ஒத்துக்கொள்வதாவது!

"போனா? அதுக்கெல்லாம் எங்க நேரம்? இவனைத் தூக்கித் தூக்கியே கை போச்சு டாக்டர்."

பேச்சு வராத பிள்ளை, மறுத்தா பேசப்போகிறது? நாத்தனார் அவனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு மாசம் குழந்தையைத் தூக்கவே கூடாது" என்று டாக்டர், கை அசையாமலிருக்க மாட்டும் பட்டை ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

அன்றே தையல் மிஷினுக்கு உறை மாட்டியாயிற்று. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் நாத்தனார் பொறுப்பு. இவளுக்கோ நாள் முழுக்க ஓய்வு. அந்த ஓய்வை என்ன செய்தாள்? பட்டை மாட்டிய கையாலேயே வீடியோ வீடியோவாகத் தள்ளினாள். வலி எப்படிக் குறையும்? "இன்னும் வலிக்குதாம்மா?" என்று நாத்தனார் ஒத்தடத்துக்கு வெந்நீர் கொண்டுவந்து வைக்கும்போது இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஐந்தாவது வாரம் வீம்பாகப் பட்டையைக் கழற்றிவிட்டுப் பிள்ளையை வாங்கினாள். அவன் அவளை யாரோ போலப் பார்த்து வீறிட்டு அழுதான், அத்தை பக்கமே தாவினான். மணிக்கட்டு சுளீரென்றது. பிடி நழுவியது. நாத்தனார்தான் தாங்கிக்கொண்டாள்.

"என்கிட்ட குடுத்துடும்மா. முதல்ல கை சரியாகட்டும்."

பெற்ற வயிறு எரிந்தது. போய்ப் போனை எடுத்துக்கொண்டு படுத்தாள்.

மறுநாள் காலை, காதில் இயர்போனோடு கிடந்தவளுக்குக் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ வந்தது. அனுப்பியது நாத்தனார். தையல் மிஷினைப் பிடித்து நின்ற பிள்ளை கையை விட்டான். ஒரு அடி, இரண்டு அடி, மூன்றாவது அடியில் படம் பிடிக்கிறவள் மேலேயே வந்து விழுந்தான்.

நடுவில் இரண்டு தடவை நாத்தனாரின் குரல் கேட்டது. "ஏம்மா, ஓடி வா! உன் பிள்ளை நடக்கிறான்! காது கேக்கலையா?"

பக்கத்து அறைதான். பத்தடி தூரம்கூட இல்லை.

ஆபீசிலிருந்து கணவன் அதற்குள் இதயம் போட்டிருந்தான். அவள் கட்டைவிரலும் பழக்கதோஷத்தில் போய் ஒரு இதயத்தை அழுத்தியது. வலி தோள் வரை ஏறியது. இந்தத் தடவை பழி போட அவள் கையில் பிள்ளை இல்லை.