வியாழக்கிழமை நோன்பு

ஏழைத் தெருவைக் கண்டுபிடிக்கிற வேலைக்கு என்னைப் போய் எடுத்தார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். இல்லை, என்னைத்தான் சொல்ல வேண்டும். சர்க்கரை நோய் ஆராய்ச்சிக்காகக் கம்பத்தில் தெருத் தெருவாகக் கணக்கெடுத்தோம். எந்தத் தெருவுக்கு வறுமைப் புள்ளி அதிகமோ, அந்தத் தெருவுக்கு மாதம் ஒரு தடவை பரிசோதனை வண்டி வரும். ரத்தம், சிறுநீர், கால் எல்லாம் பார்த்து மருந்தும் கொடுப்பார்கள். இதெல்லாம் தெரிந்துதான் எங்கள் தெருவுக்குள் நுழைந்தேன்.

என்னைத் தூக்கி வளர்த்த லத்திபா மாமி வீட்டில் அன்றைக்கு அவர் மகளின் மாமியார் வந்து உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டில் கண்ணாடி கிளாஸ் வாங்கி வந்து மாமி எங்களுக்கு டீ கொடுத்தார். ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அது ஓடி மூன்று வருஷம் ஆகிறது, உள்ளே சேலைதான் மடித்து வைத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். இருக்கிறது என்றே போட்டேன். போன மாதம் என்றைக்காவது சாப்பாட்டுக்கு வழியில்லாமல் இருந்தீர்களா என்பது அடுத்த கேள்வி. மாமி சம்பந்தியம்மாவை ஒரு பார்வை பார்த்தார்.

"வியாழனுக்கு வியாழன் நோன்பு வச்சேன் ஆத்தா. மத்தபடி அல்லா ஒரு குறையும் வைக்கல."

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வாராவாரம் எதற்கு நோன்பு வைக்கிறார்? அடுப்பு பற்றவைக்காத நாளைத்தான் அப்படிச் சொல்கிறார் என்று எனக்கா தெரியாது? ஆனாலும் கையிலிருந்த டேப்லெட்டில் 'இல்லை' என்று அமுக்கினேன். மாமியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டேன் என்று பெருமை வேறு. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு இதே உபகாரத்தைத்தான் செய்தேன், பாவி.

மூன்றே புள்ளியில் எங்கள் தெரு தள்ளிப்போனது. வண்டி பக்கத்துத் தெருவுக்கு வந்தது. காலில் சின்னப் புண்ணோடு மாமி அங்கே போய் நின்றிருக்கிறார். இந்தத் தெருக்காரர்களுக்கு மட்டும்தான் என்று அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதத்தில் தேனி ஆஸ்பத்திரியில் அந்தக் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். ஆப்பிள் பையைக் கீழே வைக்கும்போதே அழுகை வந்துவிட்டது. எல்லாம் தெரிந்தேதான் நீங்கள் சொன்னபடி எழுதினேன் மாமி, உங்களுக்கு அவமானமாகிவிடக் கூடாதே என்று செய்துவிட்டேன், என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மாமி போர்வையைக் காலில்லாத பக்கம் இழுத்துவிட்டுக்கொண்டார்.

"சம்பந்தியம்மா இருந்தாகளே, வாயால நான் வேற என்னத்தச் சொல்ல? நீ நம்ம வீட்டுப் பிள்ளை, தெரிஞ்சு எழுதிக்கிருவன்னு நெனச்சேன் ஆத்தா."