ஜெயப்பிரியா குதிச்ச பாராசூட்

எனக்குப் பொறாமைங்க. சுத்தி வளைச்சுச் சொல்ல என்ன இருக்குது? ஜெயப்பிரியாவைப் பாத்தாலே வவுறு எரியும்.

ரெண்டு பேரும் ஒரே நாள்லதான் அந்த ஸ்கைடைவிங் சென்டருக்குப் பயிற்சிக்குச் சேந்தோம். சேலத்தைத் தாண்டி, மரவள்ளிக் காட்டு நடுவுல ஒரு ரன்வே, ஒரு தகரக் கொட்டகை, ஒரு சின்ன விமானம். நான் புதுச்சத்திரம், அவ சேந்தமங்கலம். வேலையும் ஒண்ணேதான். குதிக்க வர்றவங்களுக்கு பெல்ட்டு மாட்டோணும், எறங்குனவங்களைக் காட்டுக்குள்ள போய்க் கூட்டிட்டு வரோணும், பாராசூட்டை மடிக்கோணும்.

அங்க பாதிப் பேரு பெங்களூரு, புனேக்காரங்க. அவங்களோட ஒட்டோணுமேன்னு என் கொங்குப் பேச்சையே மாத்திக்கிட்டேன். மறந்தும் ஒரு 'ஏனுங்க' வாயில வராது. கண்ணாடி முன்னாடி நின்னு இங்கிலீஷ் பேசிப் பழகினேன். இவ என்னடான்னா மொத நாளே பைலட்டைப் பாத்து, "ஏனுங்க கேப்டன், சாப்ட்டீங்களா?"ன்னா. அவ்வளவுதான். ஒரே வாரத்துல கொட்டகை பூரா ஏனுங்க, ஆமாங்க. அந்தப் புனேக்கார கேப்டன் என்கிட்டயே வந்து "ஏனுங்க தனப்பிரியா"ங்கறார், நான் "யெஸ் சார்"ங்கறேன். கெரகம்! நான் ஒளிச்சு வெச்ச சரக்கை அவ கடை விரிச்சு வித்துட்டா.

அங்க ஒரு வழக்கம். பயிற்சி முடியற வாரம், எல்லாருமாச் சேந்து ஒருத்தரைத் தேர்ந்தெடுத்து, இனாமா ஒருக்கா மேல கூட்டிட்டுப் போய்க் குதிக்க வெப்பாங்க. அப்படிக் குதிச்சவங்களைத்தான் வேலைக்கும் வெச்சுக்குவாங்க. எனக்கு அந்த வேலை வேணும். இல்லைன்னா அப்பாவோட கோழிப்பண்ணையில முட்டை அடுக்கோணும்.

யாருக்குன்னு கை தூக்கச் சொன்னாங்க. எல்லாக் கையும் ஜெயப்பிரியாவுக்குத்தான். எனக்குப் பொக்குனு போச்சு. சிரிச்சுக்கிட்டே நானும் தூக்கினேன், வேற வழி?

"தனா, ஜெயாவுக்கு நீயே மடிச்சுரு"ன்னார் மாதேஸ்வரன் மாஸ்டர். அவளைத் தன்னோட சேத்துக் கட்டிக்கிட்டுக் குதிக்கப் போறவர் அவர்தான். ஆரம்பத்துல பக்கத்துலயே நின்னு பாத்தவர், இப்பெல்லாம் என்னை நம்பி விட்டுட்டுப் போயிருவார்.

மடிச்சேன். கண்ணு மட்டும் வாசல்ல. அங்க அவ ஜம்ப்சூட்டை மாட்டிக்கிட்டு ஒவ்வொருத்தரோடயும் செல்ஃபி எடுத்துட்டு இருந்தா. பாரு, என்ன பவுசுன்னு மனசுக்குள்ள திட்டித் திட்டியே முடிச்சுட்டேன்.

விமானம் உறும ஆரம்பிச்சப்பத்தான் பொசுக்குனு ஒரு நெனப்பு. கயித்தைப் பாத்தனா? மடிக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு கயித்துலயும் விரலை ஓட்டி, முறுக்கு இருக்குதான்னு பாக்கோணும். பாத்தனா? பஸ் ஏறுனதுக்கப்பறம் ஊட்டைப் பூட்டினமான்னு ஒரு சந்தேகம் வருமே, அந்த மாதிரி. ஆனா இங்க ரெண்டு உசுரு. அவசரத்துக்கு இன்னொரு பாராசூட் இருக்குது, சரி. அதை நம்பி அனுப்பிர முடியுமா?

சொன்னா என்ன ஆகும்னும் தெரியும். மேக்க மேகம் ஏறிட்டு இருந்துச்சு, இப்பப் போகாட்டி இன்னைக்குப் போக முடியாது. பொறாமையில கெடுத்துட்டாம்பாங்க. அதுக்கப்பறம் அந்தப் பக்கமே நான் தலை காட்ட முடியாது.

ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு ஓடினேன். "ஏனுங்க, நிறுத்துங்க! ஐயோ சாமி, நிறுத்துங்க!"

கொட்டகையில கொண்டாந்து பிரிச்சுப் போட்டாங்க. மாஸ்டர் ஒவ்வொரு கயிறா விரலை ஓட்டிப் பாத்தார். ஒரு முறுக்கு இல்லை. அத்தனை சுத்தமா மடிச்சிருந்தேன்.

யாரும் திட்டலை. திட்டியிருந்தாத் தேவலை. கேமரா பாக்கற நந்தகுமார் மட்டும் "வவுத்தெரிச்சல்"னு முனகினான். எனக்கே சந்தேகம் வந்துருச்சு. நெசமாவே ஞாபகம் இல்லையா, இல்லை அவ போகக்கூடாதுன்னு மனசு இட்டுக்கட்டுச்சா? சத்தியமா எனக்குத் தெரியலைங்க.

"வேற ஆளை மடிக்கச் சொல்லலாம்"னார் மாஸ்டர்.

ஜெயப்பிரியா ஹெல்மெட்டைக் கழட்டினா. "வேண்டாங்க மாஸ்டர். அவளே மடிக்கட்டும். சந்தேகம் வந்தா ஓடி வந்து நிறுத்தற ஆளு மடிச்சாத்தான் எனக்குத் தைரியம்." அப்பறம் என் பக்கம் திரும்பி, "ஏப்புள்ள, இந்தத் தடவையாவது என்னை வேடிக்கை பாக்காம மடி"ன்னா.

மடிச்சேன். கயிறு கயிறா, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி.

நல்ல வேளை, சாயங்காலம் மேகம் கலைஞ்சுது. மேல ஒரு புள்ளியாத் தெரிஞ்சாங்க. குடை பளிச்சுன்னு விரிஞ்சப்ப எனக்கு அழுகையே வந்துருச்சு.

எறங்குன எடத்துலயே, வேலை ஜெயாவுக்குத்தான்னு மாஸ்டர் சொல்லிட்டார். நான் எதிர்பாத்ததுதான். அவ செம்மண்ணோட ஓடி வந்து என்னைக் கட்டிப் புடிச்சா. நானும் இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். அவ எடத்துல நான் இருந்து, அவ மடிச்சிருந்தா, நான் குதிச்சிருப்பனா? மாட்டேன். அந்த மனசும் அவகிட்டத்தான் இருக்குது.

அதுக்கும் வவுறு எரிஞ்சுதுங்க.