ஒன்பதாவது கேள்வி

அத்தான் போன் செய்தபோது சின்னவள் ஒரு பொமரேனியனுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். "பசங்க ஒரு வருஷமா உயிரை வாங்குறாங்க மச்சினி. சின்ன நாயா, சாதுவா, குழந்தைங்களோட ஒத்துப்போற மாதிரி ஒண்ணு பாத்து வை. ஞாயித்துக்கிழமை நாலு பேரும் வர்றோம்" என்றார். நாலு பேர் என்றால் அக்காவும் வருகிறாளா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். அதற்குப் பிறகு மீதி நகங்களை அவள் பாட்டு முணுமுணுத்தபடி வெட்டினாள். பொமரேனியனுக்கே சந்தேகம் வந்து திரும்பிப் பார்த்தது.

அவள் இருந்த இடம், வளர்க்க முடியாதவர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும் நாய்களின் காப்பகம். வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அங்கிருந்து பொருத்தமான நாயைப் பார்த்துக் கொடுப்பது சின்னவளின் வேலை. கல்யாணத் தரகர் வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை, இங்கே ஒரு தரப்பு வாலாட்டும், அவ்வளவுதான். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடென்றால் சிவாவா ஜாதி நாயைக் காட்டவே மாட்டாள். உள்ளங்கை அகல நாயின் மேல் மூன்று வயசுப் பிள்ளை தடுக்கி விழுந்தால் நாயின் கால் போய்விடும். டாஷ்ஹண்டுக்கு நீளமான முதுகு, பிள்ளைகள் கண்டபடி தூக்கினால் வலி பொறுக்காமல் கவ்விவிடும். பீகிள் சாதுதான், ஆனால் அது ஊளையிட ஆரம்பித்தால் அக்கம்பக்கம் சண்டைக்கு வரும். இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்? போன மாதம் ஒரு அம்மாள் சோபா நிறத்துக்குப் பொருந்துகிற நாய் வேண்டும் என்று கைப்பையில் துண்டுத் துணியோடு வந்து நின்றார்.

அக்கா விஷயத்துக்கு வருவோம். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், சின்னவளுக்குப் பதின்மூன்று வயசு. மிளகு என்று ஒரு கறுப்புக் குட்டை நாய் வைத்திருந்தாள். சாதியும் கிடையாது, அழகும் கிடையாது, ஒரு காது நிற்கும், ஒரு காது தொங்கும். அவளுக்கு அதுதான் உலகம். திடீரென்று குடல்வால் வீங்கி ஆஸ்பத்திரியில் போட்டார்கள். அம்மா கூடவே இருந்தாள். அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் அக்காவும் மிளகும்தான். பத்து நாள் கழித்து வயிற்றில் தையலோடு வீடு திரும்பினால் நாயைக் காணோம். "கேட்டு திறந்து கெடந்துச்சு, ஓடிப்போச்சு" என்றாள் அக்கா, புத்தகத்தை விட்டுத் தலையைத் தூக்காமல்.

சின்னவள் தெருத்தெருவாகத் தேடினாள். தையல் பிரிந்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டாம் தடவை வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தாள், மிளகின் கழுத்துப் பட்டையும் இல்லை, அது சாப்பிடும் தட்டும் இல்லை, படுக்கும் பழைய துண்டும் இல்லை. ஓடிப்போகிற நாய் மூட்டை கட்டிக்கொண்டா போகும்? இதைக் கேட்டதற்கு அக்கா, "மருந்து மயக்கத்துல உளர்றா" என்றாள் வாய் கூசாமல். அக்கா மேல் பழி போடுகிறாயா என்று அம்மா அறைந்தது சின்னவளைத்தான். நாய் போன துக்கம் ஒரு பக்கம். நிஜத்தைச் சொன்ன வாய்க்கு அறை கிடைத்த வயிற்றெரிச்சல் இன்னொரு பக்கம். முதலாவது கொஞ்சம் ஆறியது. இரண்டாவது இன்றுவரை ஆறவில்லை, ஆற அவள் விடவும் இல்லை.

அக்கா அதற்கப்புறம் வேலைக்குப் போனாள், கல்யாணம் செய்துகொண்டாள், ஏழு வயசில் ஒரு மகள், நாலு வயசில் ஒரு பொடியன். உறவுக்காரர்கள் கூடும் இடத்தில் எல்லாம் தங்கையைக் காட்டி, "இவ ஒரு நாய்ப் பைத்தியம், சின்ன வயசுல ஒரு நாய் ஓடிப்போனதுக்கு ஊரையே கூட்டினவ" என்று சிரிப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். சின்னவளும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த வாரம் முழுக்க அவள் கூண்டு கூண்டாக நின்று யோசித்தாள். மூன்றாவது கூண்டில் ஒரு ஜாக் ரஸ்ஸல் இருந்தது. பார்க்கப் பொம்மை மாதிரி இருக்கும். முதல் இரண்டு நாள் பரம சாது. மூன்றாம் நாள் வீடு பழகியதும் செருப்பு, திரைச்சீலை, மெத்தை என்று ஒன்றையும் மிச்சம் வைக்காது. தன் தட்டுப் பக்கம் கை நீட்டினால் கடிக்கும். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வைக்கிற அக்கா வீட்டில் அது புகுந்தால் எப்படி இருக்கும் என்று நினைக்கவே இனித்தது. ஆனால் தட்டுப் பக்கம் கை நீட்டப் போவது அக்கா இல்லை, பொடியன். அவள் நாய்களோடு கிடக்கிறவள்தான், ஆனால் ஒரு பிள்ளையின் விரலை வைத்துப் பழி தீர்க்கிற அளவுக்கு அவள் புத்தி கெடவில்லை. மேலும், கடித்த நாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அக்கா நிம்மதியாகப் போய்விடுவாள். அடி விழ வேண்டிய இடம் அக்காவின் மெத்தை அல்ல.

அதனால் அவள் இருப்பதிலேயே நல்ல நாயைத் தேர்ந்தெடுத்தாள். பஞ்சு என்று ஒரு ஷிட்சூ. மூன்று வயசு, நிதானம் வந்த வயசு. காதைப் பிடித்து இழுத்தால் எழுந்து வேறு இடத்தில் போய் உட்காருமே தவிர உறுமாது. பக்கத்தில் தட்டைப் போட்டு உடைத்தாலும் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி தூங்கும். சனிக்கிழமை அதைக் குளிப்பாட்டி, முடியைச் சிக்கெடுத்து, நெற்றியில் விழுகிற முடியைத் தூக்கிக் கட்டிவிட்டாள். பிள்ளைகள் பார்த்த மாத்திரத்தில் விழ வேண்டும்.

விழுந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு வந்த பொடியன், அடுத்த ஐந்தாவது நிமிஷம் தரையில் மல்லாந்து கிடந்தான், பஞ்சு அவன் வயிற்றில் தலை வைத்துக் கிடந்தது. மகள் கொஞ்சம் யோசிக்கிற பெண். தள்ளி உட்கார்ந்து கையை மட்டும் நீட்டினாள். பஞ்சு எழுந்து போய் அவள் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது. அவள் மூச்சு விடக்கூட பயந்து சித்தியை நிமிர்ந்து பார்த்தாள். "சித்தி, இதுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?"

"பிடிச்சிருக்குடா. பிடிக்கலைன்னா வராது."

"அம்மா, இது என் மடிக்கு வந்திருச்சும்மா! தானாவே வந்திருச்சு!"

அக்கா நாற்காலி நுனியில், புடவையில் முடி ஒட்டிவிடாமல் உட்கார்ந்திருந்தாள். "முடி கொட்டுமா?" என்று கேட்டாள்.

"கொட்டாதுக்கா. தினம் சீவணும், அவ்வளவுதான். உன் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காது." அது நூற்றுக்கு நூறு உண்மை.

ஒரு மணி நேரம் அவள் அவர்களை விளையாட விட்டாள். வழக்கமாகப் படிவத்தை நிரப்பிய பிறகுதான் நாயைக் கண்ணிலேயே காட்டுவார்கள், ஆசை காட்டி மோசம் செய்யக்கூடாது என்று. அன்றைக்கு அவள் அந்த வரிசையை மாற்றிவிட்டாள். பொடியன் பஞ்சுவுக்குத் தன் கட்டிலில் எந்தப் பக்கம் இடம் என்று முடிவு செய்த பிறகுதான் படிவத்தை எடுத்துவந்து அக்காவின் முன்னால் வைத்தாள்.

"எங்களுக்குமாடி படிவம்?"

"எல்லாருக்கும் உண்டுக்கா. வீட்டுல முழு நேரமும் நாயைப் பாத்துக்கப் போறவங்க எழுதணும்."

எட்டுக் கேள்வி வரை பேனா தடையில்லாமல் ஓடியது. வீட்டில் எத்தனை பேர், பால்கனிக்கு வலை உண்டா, பகலில் யார் இருப்பார்கள். ஒன்பதாவது கேள்வியில் நின்றது. 'இதற்கு முன் உங்களிடம் இருந்த நாய் என்ன ஆனது?' அத்தான் தோள் வழியாக எட்டிப் பார்த்தார். "அதான் உங்க வீட்டுல ஒண்ணு இருந்து ஓடிப்போச்சே, அதை எழுது" என்றார் பாவம், நல்ல மனுஷன். அக்கா எழுதினாள். 'ஓடிப்போனது.'

சின்னவள் படிவத்தை வாங்கி நிதானமாகப் படித்தாள். மடித்து மேசைமேல் வைத்தாள்.

"நாய் தர முடியாதுக்கா."

பொடியன் எழுந்து உட்கார்ந்தான். அத்தான், "ஏம்மா, என்ன ஆச்சு?" என்றார்.

"ஒன்பதாவதுல பொய் எழுதியிருக்கு. நாயை வேற யாருக்காவது குடுத்துட்டோம்னு எழுதினா தப்பே இல்ல அத்தான், அப்படி எழுதினவங்களுக்கு எத்தனையோ நாய் குடுத்திருக்கோம். பொய் மட்டும் கூடாது. கீழ அச்சடிச்சே வச்சிருக்கு."

அக்காவின் முகம் சிவந்தது. "பசங்க முன்னாடி வேண்டாம்" என்றாள் குரலைத் தாழ்த்தி.

"பசங்களுக்குத்தானே நாய்?"

"எழுதும்மா" என்றாள் மகள், பஞ்சுவை விடாமல். "சரியா எழுதிடும்மா. ப்ளீஸ்."

தப்ப வழியே இல்லை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பிள்ளைகள், நடுவில் நாய். சின்னவள் பதினான்கு வருஷமாக மனசுக்குள் எத்தனையோ தடவை கட்டிப் பார்த்த காட்சி இது. நேரில் அதைவிட நன்றாகவே இருந்தது.

"சரி. குடுத்துட்டேன். போதுமா?" அக்கா பேனாவை மேசையில் எறிந்தாள். "காய்கறி வண்டிக்காரர்கிட்ட குடுத்துட்டேன். தட்டு, துண்டு எல்லாத்தையும் சேத்துதான். எனக்குக் கடைசி வருஷப் பரீட்சை. நீ போன நாள்லேருந்து அது உன் கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு விடிய விடிய அழுதுச்சு. நாலு நாள் நான் கண்ணை மூடல. என்னை என்னடி பண்ணச் சொல்ற?"

சின்னவளின் தொண்டையில் பதினான்கு வருஷமாகச் சிக்கிக் கிடந்த முள் வெளியே வந்து விழுந்தது. அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஜெயிக்கிறவர்களுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிவதில்லை. "அப்புறம்?" என்றாள்.

"அப்புறமா?" அக்காவுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவமானப்பட்டாகிவிட்டது, திருப்பி ஒரு அடியாவது கொடுக்காமல் போவாளா? "கேக்கணுமா உனக்கு? கேட்டுக்கோ. அஞ்சு நாள் கழிச்சுத் திரும்பி வந்துச்சு. எங்கேருந்து வழி கண்டுபிடிச்சதோ. பாதமெல்லாம் தேய்ஞ்சு ரத்தத்தோட கேட்டுக்கு வெளியே வந்து உக்காந்துக்கிட்டுச்சு. கேட்டைப் பிராண்டிக்கிட்டே இருந்துச்சு. நான் திறக்கல. சாயங்காலம் வண்டிக்காரர் வந்ததும் இன்னும் தூரமா கொண்டுபோய் விடச் சொன்னேன். மறுநாள் காலையில நீ வீட்டுக்கு வந்த."

ஒரு நாள். ஒரே ஒரு நாள் வித்தியாசம். சின்னவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பழி வாங்கப் போனவளுக்கு இப்படி ஒன்று காத்திருக்கும் என்று யார் கண்டது? அக்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நிமிஷம் ஜெயித்தது அக்காதான்.

அப்போது மகள் கேட்டாள். "அது வீட்டுக்கு வந்துடுச்சாம்மா?"

அக்கா மேசையில் எறிந்த பேனாவை எடுத்து மூடி போட்டாள்.

"கால்ல ரத்தத்தோட வந்துச்சா? நீ கேட்டைத் திறக்கவே இல்லையா?"

"உனக்கு அதெல்லாம் புரியாதுடா கண்ணா. அம்மாவுக்கு அப்போ..."

மகள் மேலே கேட்கவில்லை. பஞ்சுவை இரண்டு கையாலும் தூக்கினாள். கனம் தாங்காமல் தடுமாறியபடி நடந்து வந்து சித்தியின் கையில் கொடுத்தாள். உதடு பிதுங்கியது, ஆனால் அழவில்லை. "வேண்டாம் சித்தி. இது இங்கயே இருக்கட்டும். எங்க வீட்டுல அம்மா இருக்காங்க."

பொடியன் மட்டும் ஒன்றும் புரியாமல், "எனக்கு வேணும், எனக்கு வேணும்" என்று வீறிட்டான். அத்தான் அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தார். பதினொரு வருஷம் கூட வாழ்ந்தவளை முதல் தடவையாகப் பார்க்கிற பார்வை.

அக்கா தங்கையைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ரோஷம் போய்விட்டது, கெஞ்சல் மட்டும்தான் இருந்தது. அவள் என்ன கேட்கிறாள் என்று சின்னவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அம்மா இப்போ மாறிட்டாங்கடா, அப்போ அவங்களும் சின்னப் பொண்ணுதானே, பஞ்சுவை நல்லா பாத்துப்பாங்க என்று சித்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாய் விஷயத்தில் சித்தி சொன்னால் அந்தக் குழந்தை நம்பும். வேறு யார் சொன்னாலும் இனி நம்பாது.

சின்னவள் படிவத்தை நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள். "ஜாக்கிரதையா போயிட்டு வாங்க" என்றாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தபோது அவர்கள் ரோட்டைக் கடக்க ஓரத்தில் நின்றிருந்தார்கள். வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அக்கா வழக்கம்போல மகளைப் பார்க்காமலே கையை நீட்டினாள். மகள் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

சின்னவளுக்கு மிளகை நினைத்து அழ வேண்டியது பாக்கி இருந்தது. அழத்தான் வேண்டும், நிறைய அழ வேண்டும். அது அப்புறம். பஞ்சுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டினாள். அக்கா அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வதுவரை, கண்ணை எடுக்காமல், ஆசை தீரப் பார்த்தாள்.