சாவி சிஸ்டர் போகாத அடக்கம்

ஊசி சிஸ்டர், சாவி சிஸ்டர் என்றால்தான் அந்த இல்லத்தில் எல்லோருக்கும் தெரியும். சபை கொடுத்த பெயர்கள் எப்போதோ வழக்கொழிந்து போயின. ஊசி சிஸ்டர் நர்ஸ். "இன்னும் போடலியா சிஸ்டர்?" என்று நோயாளி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும்போது, ஊசியைப் போட்டு முடித்துப் பஞ்சால் தேய்த்துக்கொண்டிருப்பார். சாவி சிஸ்டர் சமையல், சலவை, சரக்கறை மூன்றையும் கட்டி மேய்த்தவர். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டாலே வேலையாட்களின் அரட்டை கப்பென்று அடங்கிவிடும்.

கேட்பாரற்றுப் படுத்துவிட்டவர்களுக்கான இல்லம் அது. பக்கவாதம் வந்தவர்கள், சொந்தப் பிள்ளைகளே ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டுப் போனவர்கள். இரண்டு சிஸ்டர்களும் மடத்தில் ஒன்றாகச் சேர்ந்து, அந்தக் கட்டில்களுக்கு நடுவிலேயே தலை நரைத்தவர்கள். சண்டை போடாத நாள் கிடையாது. ஊசி சிஸ்டர் யாருக்காவது குளிர்கிறது என்றால் சொல்லாமல் கொள்ளாமல் போர்வையை எடுத்துக் கொடுத்துவிடுவார். "போர்வை என்ன மரத்துல காய்க்குதாடி?" என்று சாவி சிஸ்டர் வார்டு அதிரக் கத்துவார். அன்று மாலையே இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

ஊசி சிஸ்டருக்கு ஈரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, அது முற்றிவிட்டிருந்தது. டாக்டர் கையை விரித்துவிட்டார். அதன்பிறகு சாவி சிஸ்டர்தான் அவருக்கு எல்லாமும். மிரட்டி உருட்டி நாலு வாய் கஞ்சியாவது உள்ளே போகவைப்பார்.

அந்தச் சமயத்தில்தான் மடத்துத் தலைவியான மதர் ஒருநாள் சரக்கறைக்கு வந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார். இருவரையும்விட வயதில் சின்னவர்.

"சிஸ்டர், நம்ம இன்னொரு இல்லத்தைப் பாத்துக்கற சிஸ்டர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. ஒத்தை ஆயா மட்டும் அத்தனை பேரையும் வெச்சுக்கிட்டு அல்லாடுது. உங்களை விட்டா அனுப்ப எனக்கு வேற ஆளில்ல. இப்பல்லாம் மடத்துக்கு யாரு வர்றாங்க?"

"அவ இன்னும் கொஞ்ச நாள்தானே மதர்?"

"தெரியும் சிஸ்டர். கேக்கவே நாக்கு கூசுது. முடியாதுன்னு சொல்லுங்க, நான் வற்புறுத்த மாட்டேன்." மதரின் கண் கலங்கிவிட்டது.

சாவி சிஸ்டர் நேரே ஊசி சிஸ்டரின் கட்டிலுக்குப் போனார். போகாதே என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதையே மதரிடம் சொல்லிவிடலாம் என்பது கணக்கு.

"போயிட்டு வா," என்றார் ஊசி சிஸ்டர்.

"என்னடி பட்டுனு சொல்லிட்ட?"

"பின்ன? நான் சாகறதுக்கு உன் மேற்பார்வை வேணுமாக்கும்? இங்க என்னைப் பாக்க நாலு பேர் இருக்காங்க. அங்க ஈரத்துணியோட கிடக்கறவங்களுக்கு யாரு இருக்கா?"

"நான் இல்லன்னா நீ சாப்பிட மாட்டியே."

"ஆமா, நீ போனா நிம்மதியா பட்டினி கிடப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பில் வலி கிளம்பி ஊசி சிஸ்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சாவி சிஸ்டர் முதுகை நீவிவிட்டபடியே இருந்தார். அந்தப் பேச்சை இருவரும் மறுபடி எடுக்கவில்லை.

புது இல்லத்துக்குப் பஸ்ஸில் ஒரு பகல் பயணம். அங்கே போனதிலிருந்து சாவி சிஸ்டர் தினமும் சாயங்காலம் போன் செய்வார். முதலில் ஊசி சிஸ்டரே பேசினார். பிறகு "ம்" மட்டும் வந்தது. அப்புறம் பக்கத்தில் இருந்த இளம் சிஸ்டர், "தூங்கறாங்க" என்று சொல்ல ஆரம்பித்தார்.

போன் வந்த காலையில் சாவி சிஸ்டர், பேச்சிழந்த ஒரு அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். மதர்தான் பேசினார்.

"போயிட்டாங்க சிஸ்டர். உடனே வண்டி அனுப்பறேன். நீங்க வர்ற வரைக்கும் அடக்கத்தைத் தள்ளி வைக்கறோம்."

சாவி சிஸ்டர் வார்டைப் பார்த்தார். ஆயாவுக்குக் காய்ச்சல், வேலைக்கு வரவில்லை. முறிந்த இடுப்போடு கிடக்கும் சிஸ்டரும் நோயாளிகளில் ஒருவராக இருந்தார். நாற்காலியில் அந்த அம்மா தலையில் சோப்பு நுரையோடு நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"இங்க விட்டுட்டு வர ஆளில்ல மதர். நீங்க பூசை வெச்சு அடக்கம் பண்ணிடுங்க."

போனை வைத்துவிட்டு, வாளியில் கைவிட்டுப் பார்த்தார். தண்ணீரில் சூடு இருந்தது. அந்த அம்மாவின் தலையை அலசிவிட்டார். அன்று முழுவதும் அவர் உட்காரவேயில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதோ என்று பயமாக இருந்தது.

ஓரிரு நாள் மாற்றுக்கு ஆள் கிடைத்தது ஒரு மாதம் கழித்துத்தான். ஊசி சிஸ்டரின் நினைவுத் திருப்பலிக்குப் போய்ச் சேர்ந்தபோது கோயிலில் நிற்க இடமில்லை. பூசை முடிந்ததும் கம்பூன்றி வந்த ஒரு மெக்கானிக் மைக்கைப் பிடித்தார்.

"என் கால்ல புழு நெளிஞ்சுது. பெத்தவங்களே மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. இந்த சிஸ்டர் பக்கத்துல உக்காந்து, பாட்டு முணுமுணுத்துக்கிட்டே ஒவ்வொண்ணா எடுத்தாங்க. எனக்குக் கல்யாணம் ஆச்சு, பொண்ணு இருக்கு. அதெல்லாம் அவங்க போட்ட..." மேலே பேச வராமல் மைக்கைக் கொடுத்துவிட்டார்.

வெளியே ஊசி சிஸ்டரின் தம்பி சாவி சிஸ்டரைத் தேடி வந்தார். கைகளை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நீங்கதானே கூடவே இருந்தவங்க. அக்கா கடைசியா என்னங்க சொன்னாங்க?"

 சாவி சிஸ்டர் அங்கே நின்றிருந்த இளம் சிஸ்டரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி நகர்ந்ததும் சாவி சிஸ்டர் கேட்டார். "உண்மையைச் சொல்லும்மா. வலியில ரொம்பத் துடிச்சாளா?"

"வலிக்கு ஊசி போட்டோம் சிஸ்டர். ஆனா கடைசில நினைவு தடுமாறிடுச்சு. நீங்க ஊருக்குப் போனதே மறந்துட்டாங்க. 'அவ எங்க, அவ எங்க'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. கடைக்குப் போயிருக்கீங்க, இப்ப வந்துடுவீங்கன்னு சொல்லி வெச்சோம். கஞ்சி கொண்டுபோனா வாயைத் திறக்கல. 'அவ வரட்டும், வந்ததும் சாப்பிடறேன்'னு சொல்லிட்டாங்க."

சாவி சிஸ்டர் கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாக நடந்தார். மண் இன்னும் முழுதாகப் படியவில்லை. பக்கத்தில் மண்டியிட்டார். ஜெபம் எதுவும் வாயில் வரவில்லை.

"எதுக்குடி எனக்காகக் காத்திருந்த? ரெண்டு வாய் சாப்பிட்டிருக்கக் கூடாதா? நீதானேடி என்னைப் போகச் சொன்ன? உன் பேச்சைக் கேட்டுத்தானே போனேன்!" என்று அந்த மண்ணைத் திட்டினார். 

மறுநாளே திரும்பியாக வேண்டும். பஸ்ஸில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். பக்கத்து சீட்டில் இருந்த பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, மெல்லத் தோளைத் தொட்டாள்.

"யாரு தவறிட்டாங்கம்மா?"

"கூடப் பிறந்தவ," என்றார் சாவி சிஸ்டர்.