கேள்வி எண் பதினேழு

நான் எழுதிக்கொடுத்த ஒரு துண்டுச் சீட்டு நாற்பத்து மூன்று கம்பெனிகளுக்கு மின்னஞ்சலில் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை காலையில், அக்கா என்னோடு பேசுவதை நிறுத்தினாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். அவள் அந்த வசதியைக் கூடத் தரவில்லை. உதிரிபாகங்களில் ஒட்டுகிற மஞ்சள் லேபிள் சுருளை எடுத்து, முதல் லேபிளில் ‘வாய்’ என்று எழுதி, என் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டிவிட்டுப் போனாள்.

எங்கள் பட்டறை ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. இரண்டே அறை. எது செய்தாலும் அதில் கொஞ்சம் ரப்பர் வாசனை ஏறிவிடும். அக்கா ட்ரோன் செய்கிறாள். நான் அதை விற்கிறேன், அல்லது விற்க முயல்கிறேன். வயலுக்கு மருந்து தெளிக்கிற ட்ரோன்களைப் பழுது பார்த்துத்தான் வாடகை கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆனால் நாலு வருடமாக அக்காவின் உயிர் வேறொன்றில் இருந்தது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் பூனை. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வீடு திரும்பிவிடும் என்பதால் அந்தப் பெயர். ரேடியோவை முடக்கினாலும், செயற்கைக்கோள் சிக்னலே இல்லாமல் போனாலும், போகும்போது கீழே பார்த்த தரையை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பும். இதைப் பெரிய கம்பெனிகளும் செய்கின்றன, பெரிய கணினியை முதுகில் ஏற்றி. அக்காவின் பூனைக்கு ஒரு பொம்மைக் கேமராவும் தீப்பெட்டி அளவு மின்சுற்றுப் பலகையும் போதும். ஏனென்றால் அது முழுப் படத்தையும் நினைவில் வைப்பதில்லை. விளிம்புகளை மட்டும் வைத்துக்கொள்கிறது. வரப்பு, சாலை ஓரம், கூரை முனை. அவ்வளவுதான் ரகசியம். அந்த ‘அவ்வளவுதான்’ கண்டுபிடிக்க நாலு வருடம்.

ராணுவக் கொள்முதல் பிரிவிலிருந்து அழைப்பு வந்தபோதே எனக்குச் சந்தேகம். டெண்டர் வர இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறதாம். அதற்கு முன்பே கம்பெனிகளைக் கூப்பிட்டு, ‘ஆளில்லா விமானத்தில் உங்களால் என்னென்ன முடியும், சொல்லுங்கள், அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு என்ன வேண்டும் என்று எழுதப்போகிறோம்’ என்கிறார்கள். பெண் பார்க்க வருவதற்கு முன்பே நகைப்பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வதுபோல இருந்தது எனக்கு. அக்காவுக்கும்தான். “போய் உக்காரு. காதைத் திறந்து வை. வாயைத் திறக்காத” என்று சொல்லித்தான் அனுப்பினாள்.

நானும் மதியம்வரை திறக்கவில்லை. கூட்டத்தில் நான் கடைசி வரிசை; எனக்கு முன்னால் பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் வருவதற்கு முன்பே அவருடைய செண்டு வந்துவிடும் என்பதால் மனதுக்குள் வாசனைக்காரர் என்று பெயர் வைத்துக்கொண்டேன். அவர் பக்கத்து ஆளிடம், “பின்னால பாத்தீங்களா, வேடிக்கை பாக்கக்கூட ஆள் வந்திருக்கு” என்றார். அங்கேதான் எனக்குச் சுர்ரென்று ஏறியது. கேள்வி இருந்தால் எழுதிப் போடுங்கள் என்று வைத்திருந்த சீட்டில் ஒன்றை இழுத்தேன். ‘முழுப் படத்தைச் சேமிக்காமல் விளிம்புகளை மட்டும் சேமித்து வந்த வழியே திரும்பும், ஆறு கிலோவுக்குக் குறைந்த விமானத்தை ஏற்பீர்களா?’ என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டு, உலகக் கோப்பையை வென்றவன் மாதிரி டீ குடிக்கப் போனேன்.

அவர்களுடைய நடைமுறையில், யார் என்ன கேட்டாலும், கேட்டவர் பெயரை நீக்கிவிட்டு கேள்வியையும் பதிலையும் எல்லாக் கம்பெனிக்கும் அனுப்புவார்கள். யாருக்கும் தனிச் சலுகை கூடாது என்பதற்காக. அழைப்புக் கடிதத்தின் நாலாம் பக்கத்தில் அது தெளிவாக இருந்தது. நான் மூன்று பக்கம் படித்திருந்தேன். என்னுடையது கேள்வி எண் பதினேழு. பதில்: ‘குறித்துக்கொள்ளப்பட்டது.’

காப்புரிமை விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று நீங்கள் கேட்பீர்கள். அதை நிரப்புவது என் பொறுப்பு. மூன்று மாதமாக என் மேஜை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது.

திங்கட்கிழமை வாசனைக்காரரிடமிருந்து போன் வந்தது. “தம்பி, உங்க பதினேழாம் நம்பர் கேள்வி பிரமாதம். எங்க பசங்க அசந்துட்டாங்க. அக்காவோட ஒருநாள் நம்ம ஆபீசுக்கு வாங்களேன், பேசுவோம். ரெண்டு பேருக்கும் நல்ல இடம் இருக்கு.”

போனை வைத்தேன். பெயரை நீக்கித்தானே அனுப்பினார்கள்? இவருக்கு எப்படித் தெரியும்? எல்லாம் கூட்டுக் களவாணிகள். கூட்டம் ஒரு கண்துடைப்பு, முடிவு முன்பே ஆகிவிட்டது, எங்களைப் போன்றவர்களின் மூளையை உறிஞ்ச ஒரு டீயும் இரண்டு பிஸ்கட்டும். இதையெல்லாம் அக்காவிடம் மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டேன்: “அவங்களால முடியுமாக்கா? நமக்கு முன்னாடி செஞ்சிடுவாங்களா?” அவள் சால்டரிங்கிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஒரு லேபிள் கிழித்தாள். ‘டீ கப்பைக் கழுவு.’

பதினோரு நாள் இப்படி ஓடியது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை அதையே கேட்டேன். ‘ஜன்னலைச் சாத்து.’ ‘கீழே ஆள் வந்திருக்கு.’ ஒருநாள் வெறும் லேபிளையே ஒட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அன்று முழுவதும் யோசித்தேன்.

பன்னிரண்டாம் நாள் கொள்முதல் பிரிவில் எங்கள் முறை. ஒவ்வொரு கம்பெனியையும் தனியாகக் கூப்பிட்டு நாற்பது நிமிடம் பேசுகிறார்கள். அக்காவும் வந்தாள். மேஜைக்கு அந்தப் பக்கம் கொள்முதல் அதிகாரி, ஐம்பது வயதிருக்கும், மடிப்புக் கலையாத சட்டை. பக்கத்தில் பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்ய ஓர் அம்மா. நான் எதைச் சொன்னாலும் அவர் “குறிச்சுக்கறோம்” என்றார். வணக்கம் சொன்னதற்குக்கூட அப்படிச் சொல்லிவிடுவாரோ என்று இருந்தது.

பொறுமை போய்விட்டது. “சார், நேராவே கேக்கறேன். எங்க பேரை அந்தப் பெரிய கம்பெனிக்குச் சொன்னது யாரு?”

“நாங்க சொல்லலை.”

“அப்புறம் அவருக்கு எப்படித் தெரியும்?”

அதிகாரி தட்டச்சு அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, “தம்பி, நீங்க சீட்டு எழுதும்போது சத்தமா சொல்லிச் சொல்லி எழுதினீங்க. மேடையில இருந்த எனக்கே கேட்டுச்சு” என்றார்.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் அவள் தோள் ஒருமுறை குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது. நான் மேஜையிலிருந்த தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

அப்போதுதான் அக்கா பேசினாள். பதினோரு நாளைக்குப் பிறகு அவள் குரலை அந்நியர் முன்னால் கேட்பது விநோதமாக இருந்தது. “சார், எனக்கு ஒண்ணு புரியலை. விலை குறைவா, தொலைஞ்சாலும் பரவாயில்லாத மாதிரி வேணும்னு உங்க தாள்ல எழுதியிருக்கீங்க. அப்படின்னா அது ஏன் திரும்பி வரணும்? விழுந்தா விழட்டுமே.”

அதிகாரி “குறிச்…” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். பேனாவை மூடி வைத்தார்.

“விழுந்தா விட மாட்டாங்கம்மா. அதுல எடுத்த படம் இருக்கும். தேடி எடுத்துட்டு வான்னு மேலருந்து சொல்லுவாங்க.” அவர் மேஜையின் ஓரத்தை விரலால் தடவினார். “இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி நான் எல்லையில இருந்தேன். விழுந்த ஒண்ணைத் தேட ரெண்டு பேரை அனுப்பினேன்.”

“வந்தாங்களா?”

“ஒருத்தன் வந்தான்.”

தட்டச்சுச் சத்தம் நின்றது. “இதை எழுதட்டுமா சார்?” என்றார் அந்த அம்மா.

“எழுதுங்க. எல்லாருக்கும் போகட்டும்.” பிறகு எங்களிடம், “திரும்பி வரணும்ங்கிறது இனிமே தேவைப் பட்டியல்ல இருக்கும். முதல் வருஷமே ஆயிரம் வேணும். உங்களுக்குத்தான் கொடுப்போம்னு நான் சொல்ல முடியாது” என்றார்.

பேருந்தில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். எனக்கு அப்போதும் சந்தேகம் விடவில்லை. அந்த ஆள் நடித்திருந்தால்? உருக்கமாக ஒரு கதை சொல்லி மிச்சத்தையும் கறந்துகொள்ளும் உத்தியாக இருந்தால்? அக்காவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையில் லேபிள் சுருள் இல்லை என்றாலும் சொல்லவில்லை.

பட்டறைக்கு வந்ததும் பூனையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். சாயங்கால வெயில் தண்ணீர்த் தொட்டிமேல் சாய்ந்திருந்தது. பூனை எழுந்து, துணிக்கொடிகளைத் தாண்டி, ரயில் பாதையைத் தாண்டி, ஒரு புள்ளியாகி, புள்ளியும் இல்லாமல் போயிற்று. அக்கா ரிமோட்டை என் கையில் கொடுத்து, “அணை” என்றாள். பன்னிரண்டு நாளில் எனக்கென்று அவள் சொன்ன முதல் சொல். அணைத்தேன். பச்சை விளக்கு செத்தது.

காற்றில் கீழிருந்து ரப்பர் வாசனை வந்தது. இருவரும் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். பழக்கதோஷத்தில், பதில் வராது என்று தெரிந்தே கேட்டேன்.

“அக்கா, அவங்களால முடியுமா?”

“முடியும்.” அவள் வானத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆறு மாசம் ஆகும். ஆயிரமும் செஞ்சிடுவாங்க.”

“நாம செஞ்சா?”

“நீயும் நானும் ஆயிரம் செய்யணும்னா ரெண்டு வருஷம்டா. ராத்திரி பகலா செஞ்சாலும். அதுவரைக்கும் விழுந்ததைத் தேடி ஆளுங்க போய்க்கிட்டேதான் இருப்பாங்க.” கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டாள். “நான் அவங்க ஆபீசுல போய் உக்காந்து சொல்லிக்கொடுத்தா, மூணே மாசம்.”

ரயில் பாதைக்கு அப்பால் ஏதோ ஒன்று தெரிந்தது. காக்கையாகவும் இருக்கலாம். அணைந்த ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அது பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.